கட்டம் பிரிப்பது யார்? சித்திரக்கதை எழுத்தாளரும் ஓவியரும் கூட்டுச் சேரும் தொடக்கநிலை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

சித்திரக்கதையின் அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒருவர் கதாசிரியர், மற்றவர் ஓவியர். அந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் கிடைப்பது வழக்கமாக ஒரு சந்திப்புக் கதைதான்: ஒரு பள்ளிக்கூடம், ஓர் அலுவலகம், ஒரு நண்பரின் அறிமுகம். சந்திப்பு வேறு, கூட்டுப்பணியின் தொடக்கம் வேறு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒருவரையொருவர் அறிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் கூட்டுப்பணி தொடங்காமல் இருக்கலாம். நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளாமலேயே அது தொடங்கியும் இருக்கலாம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வேலை யாருடையது என்ற கேள்விக்கு, வாயால் சொல்லியோ செயலில் காட்டியோ இருவரும் ஒரு விடை கண்டுகொள்ளும்போதுதான் கூட்டுப்பணி தொடங்குகிறது.

இதைச் சோதிக்க அமெரிக்கா, பிரான்சு, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளின் சில இணைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆள் எழுதி வரையும் படைப்புகளுக்கு இங்கே இடமில்லை. மற்ற இணைகளைவிட, ஆஸ்டெரிக்ஸ் தொடரைப் படைத்த கோசினி–உடெர்சோ இணைக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். தொடக்கம் என்பது ஒரு நாளில் நிகழ்வதல்ல என்பதை அவர்களைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு இல்லை.

2. நடுவில் கிடக்கும் வேலை

கதைச்சுருக்கம் எழுதுவது எழுத்தாளர் வேலை. கோடு இழுப்பதும் மை ஏற்றுவதும் ஓவியர் வேலை. இந்த இரண்டிலும் சச்சரவு வருவதில்லை. சச்சரவு இவற்றுக்கு நடுவில் கிடக்கிறது. ஒரு சண்டைக்கு ஒரு கட்டம் போதுமா, ஒரு முழுப் பக்கம் வேண்டுமா? வாசகர் பக்கத்தைத் திருப்பும்போது முதலில் கண்ணில் படவேண்டியது எது? இரண்டு பேர் பேசுகையில் யார் இடப்பக்கம் நிற்க வேண்டும்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் முதலில் பேசுபவர் வலப்பக்கம் நின்றால் அவருடைய பேச்சுக் குமிழை இடப்பக்கம் வைக்க முடியாமல் ஓவியர் திணறுவார், வாசகர் பதிலைப் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவார்.

கட்டம் பிரிப்பது கதை சொல்லும் வேலை, ஆகவே எழுத்து. அது கண்ணால் செய்யும் வேலை, ஆகவே ஓவியம். இயல்பிலேயே இருவருக்கும் பாத்தியப்பட்ட இந்த நிலத்தை யார் உழுவது என்பது முதலிலேயே தீர்மானமாக வேண்டும்.

உழைப்பின் அளவு இன்னொரு சிக்கல். ஒரு பக்கத்துக்கான காட்சிக் குறிப்பையும் வசனத்தையும் தேர்ந்த எழுத்தாளர் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதே பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மை ஏற்றி முடிக்க ஓவியருக்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். "ஒரு குதிரைப்படை மலைச்சரிவில் இறங்குகிறது" என்று எழுத அரை நிமிடம் போதும். கதை விலைபோகாவிட்டால் எழுத்தாளர் இழப்பது சில வாரங்கள், ஓவியர் இழப்பது பல மாதங்கள். புதிதாகச் சேரும் இணைகள் நெடுங்கதையைத் தொடாமல் நான்கைந்து பக்கச் சிறுகதை ஒன்றை முதலில் செய்துபார்ப்பது இதனால்தான். அந்தச் சில பக்கங்களிலேயே கட்டம் பிரிக்கும் பழக்கம் படிந்துவிடும்.

3. கிளீவ்லேண்ட், 1930கள்

எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். கிளீவ்லேண்டின் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் சந்தித்தார்கள். அறிவியல் புனைகதை மீது இருவருக்கும் இருந்த வெறி அவர்களைச் சேர்த்தது. சீகல் சிறிய அளவில் நடத்திய இதழில் 1933 சனவரியில் வெளியான சூப்பர்மேன் கதையில் நாயகன் தீயவன், அதுவும் படங்கள் சேர்ந்த உரைநடைக் கதை. அதற்கு ஷுஸ்டர் வரைந்தவை விளக்கப் படங்கள். இருவரின் பெயரும் அருகருகே இருந்தாலும் அந்தக் கதையைக் கூட்டுப்பணி என்று நான் கொள்ளமாட்டேன். கதை சொல்லும் பொறுப்பு முழுவதும் எழுத்திடமே இருந்தது.

அதே ஆண்டில் சூப்பர்மேனைச் சித்திரக்கதையாக்கினார்கள். அணுகிய பதிப்பகம் அதை ஏற்கவில்லை. மனமுடைந்த ஷுஸ்டர் பக்கங்களை எரித்துவிட்டார், அட்டையை மட்டும் சீகல் காப்பாற்றினார். பலரும் சொல்லாமல் விடும் பகுதி இதற்குப் பிறகு வருவது. பெயர்பெற்ற ஓவியர் ஒருவர் வரைந்தால் கதை விலைபோகும் என்று எண்ணிய சீகல் வேறு ஓவியர்களை நாடினார். 1934இல் ரஸ்ஸல் கீட்டன் என்ற ஓவியர் சில மாதிரிகளும் வரைந்தார், பின்பு விலகிக்கொண்டார். அதன் பிறகே சீகல் ஷுஸ்டரிடம் திரும்பினார். சீகல்–ஷுஸ்டர் இணை உண்மையில் தொடங்கியது இந்தத் திரும்பலில்தான் என்பேன். தோல்வியில் எரிந்த பக்கங்களை இருவரும் பார்த்திருந்தார்கள், மாற்று வழியைத் தேடிய ஒருவர் அதைக் காணாமல் வந்திருந்தார். அதன் பின் ஒன்றாக உட்கார்ந்ததில் வயதின் உற்சாகத்தைத் தாண்டிய ஒரு தீர்மானம் இருந்தது.

நாளிதழ்த் தொடராக வெளிவரும் என்ற நம்பிக்கையில் அவர்கள் சூப்பர்மேனைக் கிடைவரிசைக் கட்டங்களாகவே வரைந்துவைத்திருந்தார்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் (அட்டைத் தேதி 1938 சூன்) இடம் கிடைத்தபோது அந்தக் கட்டங்களை வெட்டிப் பக்கங்களாக ஒட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த 13 பக்கங்களில் கதை திடுமெனத் தொடங்கி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வடிவத்துக்காகப் பிரித்த கட்டங்கள் இன்னொரு வடிவத்தில் வேறு தாளத்தில் ஓடின. நாடறிந்த ஒரு நாயகனின் முதல் கதையில் இப்படித்தான் கத்தரிக்கோல் பக்கம் அமைத்தது.

4. கோசினியும் உடெர்சோவும்

4.1. எட்டு ஆண்டுப் பயிற்சி

ரெனே கோசினி 1926இல் பாரிசில் பிறந்து புவெனஸ் அயர்ஸில் வளர்ந்தவர். 1945இல் நியூயார்க் சென்று ஓவியராகப் பிழைக்க முயன்றார். பின்னாளில் 'மேட்' இதழைத் தொடங்கிய ஹார்வி கர்ட்ஸ்மன் கூட்டத்தோடு அங்கே பழகினார். ஆல்பெர் உடெர்சோ 1927இல் பிரான்சில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு நிறக்குருடு இருந்தது. இருவரும் 1951இல் 'வேர்ல்டு பிரெஸ்' என்ற பெல்ஜிய நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் சந்தித்தார்கள்.

ஆஸ்டெரிக்ஸ் வெளியானது 1959இல். இடையிலிருந்த எட்டு ஆண்டுகளை வெறும் காத்திருப்பாகக் கருதும் போக்கு உண்டு. எனக்கு அந்த எட்டு ஆண்டுகளே முக்கியம். சந்தித்த ஆண்டிலேயே ஊம்பா-பா என்ற அமெரிக்கப் பழங்குடி வீரன் கதையை அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரித்தார்கள், யாரும் வாங்கவில்லை. பின்பு ஒரு கடற்கொள்ளையர் தொடர், ஓர் இளம் நிருபர் தொடர். இவற்றை இன்று ஆஸ்டெரிக்ஸ் ஆர்வலர்களைத் தவிர மற்றவர்கள் தேடிப் படிப்பதில்லை. ஆனால் கூட்ட நெரிசலில் நகைச்சுவை செய்வது, ஒரு கட்டத்தில் வீரவசனம் பேசியவன் அடுத்த கட்டத்தில் பல் உடைந்து கிடப்பது ஆகிய உத்திகளெல்லாம் இங்கேதான் தேறின. ஊம்பா-பா திருத்திய வடிவில் 1958இல் 'தேந்தேன்' இதழில் வந்தபோது, இருவரும் ஒருவர் கை அசைவை மற்றவர் முன்கூட்டியே அறியும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

கோசினி ஓவியராக இருந்து எழுத்துக்கு வந்தவர். இதை வாழ்க்கைக் குறிப்பு என்று தாண்டிப் போகக்கூடாது. அவர் கதையைத் தட்டச்சு செய்யும் முறை பிரெஞ்சு வழக்கப்படி இரண்டு பத்திகளாக அமைந்தது: ஒரு பத்தியில் கட்டம் கட்டமாகக் காட்சி, மறு பத்தியில் வசனம். கட்டம் பிரிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஆனால் வரையத் தெரிந்தவர் பிரித்த கட்டம் அது. ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு கையில் இருந்ததால் வரைய முடியாததை அவர் கேட்கவில்லை. எந்த முகபாவத்தை உடெர்சோவிடம் விட்டுவிடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

4.2. வேலைநீக்கம் செய்த உதவி

அக்காலத்தில் சித்திரக்கதை எழுத்தாளர் என்பவர் ஓவியரின் நிழல். தமிழ் வாசகர்கள் லயன்–முத்து காமிக்ஸ் வழியாக நன்கறிந்த லக்கி லூக் இதற்குச் சான்று. மோரிஸ் தனியாக 1946இல் தொடங்கிய அத்தொடருக்கு 1955 முதல் கோசினி எழுதினார். ஆயினும் தொடக்க கால ஆல்பங்களின் அட்டையில் மோரிஸின் பெயர் மட்டுமே இருந்தது.

1956இல் கோசினி, உடெர்சோ, ஜான்-மிஷெல் ஷார்லியே உள்ளிட்டோர் சித்திரக்கதைப் படைப்பாளிகளின் உரிமைகளுக்காக ஒரு சாசனம் வகுக்க முயன்றார்கள். வேர்ல்டு பிரெஸ் கோசினியை வேலையிலிருந்து நீக்கியது. உடெர்சோவும் ஷார்லியேவும் அவருக்கு ஆதரவாகத் தாங்களும் வெளியேறினார்கள். மூவரும் விளம்பரத் துறையைச் சேர்ந்த ஜான் எப்ரார் என்பவருடன் சேர்ந்து சொந்த நிறுவனம் கண்டார்கள்.

ஓவியரான உடெர்சோவுக்கு வேலை பறிபோகவில்லை. அவர் இருந்திருக்கலாம், வேறொரு எழுத்தாளரைத் தந்திருப்பார்கள். அவர் வெளியேறிய அன்று, எழுத்தாளர் நிழல் அல்ல, சமபங்காளி என்பதை ஓர் ஓவியர் தம் வருமானத்தைப் பணயம் வைத்து ஒப்புக்கொண்டார். கூட்டுப்பணியின் தொடக்கங்களில் நான் மிக மதிப்பது இதைத்தான். திறமையின் பொருத்தம் பல இணைகளுக்கு அமைந்துவிடுகிறது. இப்படி ஒரு நிலைப்பாடு எடுக்கும் வாய்ப்பு வெகு சிலருக்கே வருகிறது, வரும்போது எடுப்பவர்கள் அவர்களிலும் சிலர்.

4.3. பொபினி, 1959

'பிலோத்' வார இதழ் 1959 அக்டோபர் 29 அன்று வெளிவரவிருந்தது. பிரெஞ்சுப் பண்பாட்டில் வேர்கொண்ட ஒரு நகைச்சுவைத் தொடர் வேண்டும் என்பது இதழின் தேவை. இடைக்கால நரிக் கதையான 'ரெனார்' காவியத்தை எடுத்து உடெர்சோ வரையவும் தொடங்கிவிட்டார். அதே கதையை இன்னோர் ஓவியர் ஏற்கெனவே வரைந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு சக ஓவியர் சொன்னதும் அதைக் கைவிட்டார்கள். இதழ் வர இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் பாரிசை அடுத்த பொபினியில், உடெர்சோவின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிரான்சின் வரலாற்றுக் காலங்களைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லும்படி கோசினி கேட்டார். கல்லாயுதக் காலத்தைத் தாண்டி, பழங்காலக் கோல் (Gaul) இனத்தார் என்று வந்ததும் நிறுத்தினார். ஓரிரு மணி நேரத்தில் கிராமமும் மாந்தரும் உருவாகிவிட்டதாக இருவரும் பிற்பாடு சொல்லி வந்தார்கள்.

வாடிக்கையாக இந்த நிகழ்ச்சியை மின்னல் போன்ற உதயம் என்று வியப்பார்கள். அந்த ஓரிரு மணி நேரத்துக்குப் பின்னால் எட்டு ஆண்டுகள் இருந்தன என்பதையே நான் சுட்ட விரும்புகிறேன். புதிதாகச் சந்தித்த இருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அன்று மாலை வரை ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டிருந்திருப்பார்கள்.

அங்கே எழுந்த முதல் கருத்து வேறுபாடு இன்னும் கவனிக்கத்தக்கது. கோல் வீரன் என்றால் பெருத்த உடம்பும் வலிமையும் கொண்டவன் என்று உடெர்சோ வரையத் தொடங்கினார். கோசினி குள்ளனான, புத்திக்கூர்மையுள்ள ஒருவனையே கேட்டார். உடெர்சோ குள்ளனை வரைந்தார், தாம் கைவிட மனமில்லாத பருமனானவனை அவனுக்குத் துணையாக அருகில் நிறுத்தினார். அவனே ஓபெலிக்ஸ். முதல் கதையில் அவனுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை, ஆஸ்டெரிக்ஸ் தனியாகத்தான் உரோமானியப் பாசறைக்குப் போகிறான். அடுத்தடுத்த கதைகளில் கோசினி அவனுக்கு வசனமும் ரோசமும் கொடுத்து வளர்த்தார். ஓவியரின் பிடிவாதத்தில் பிறந்தவனை எழுத்தாளர் தத்தெடுத்துக்கொண்டார். கருத்து வேறுபாட்டில் ஒருவர் தோற்றிருந்தால் அந்தத் தொடருக்கு அதன் இதயம் கிடைத்திருக்காது.

கோசினி 1977 நவம்பர் 5 அன்று இதயப் பரிசோதனையின்போது தம் 51ஆம் வயதில் மறையும் வரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

5. மார்வெல் முறை: பேசப்படாத தொடக்கம்

1960களின் தொடக்கத்தில் ஸ்டான் லீ நியூயார்க்கின் மார்வெல் நிறுவனத்தில் ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு எழுதினார். முழுக் கதையும் எழுதித் தருமளவும் ஓவியர்கள் வேலையின்றிக் காத்திருந்தால் அவர்களுக்கு வருமானம் போகும். ஆகவே ஒரு சுருக்கத்தை எழுதியோ பேசியோ தந்துவிடுவார். ஓவியர் அதைக் கட்டம் பிரித்து முழு இதழையும் வரைந்து ஓரங்களில் குறிப்பெழுதித் தருவார். லீ கடைசியில் வசனம் போடுவார். கையறு நிலையில் பிறந்த இந்த ஏற்பாட்டுக்கே பின்னாளில் 'மார்வெல் முறை' என்று பெயர் வந்தது.

ஜாக் கிர்பி போன்ற பேராற்றல் கொண்டவருக்கு இது விடுதலை. 1966இல் வெளியான 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதை ஒன்றில், லீயுடன் பேசியபோது இல்லாத ஒரு பாத்திரத்தைக் கிர்பி வரைந்து அனுப்பினார்: பலகை மீது விண்வெளியில் சறுக்கிவரும் வெள்ளி மேனியன், சில்வர் சர்ஃபர். பக்கங்களைப் பார்த்துத்தான் லீ அவனை அறிந்தார், அவனுக்குக் கம்பீரமான மொழி ஒன்றைக் கொடுத்தார்.

ஓபெலிக்ஸ் பிறந்த விதமும் சில்வர் சர்ஃபர் பிறந்த விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். விளைவுகள் வேறுபட்டதன் காரணம் தொடக்கத்தில் இருக்கிறது. பிரான்சில் கட்டம் பிரிப்பவர் யார் என்பது தெளிவாக இருந்தது, ஆகவே ஓவியர் கூடுதலாகக் கொண்டுவந்தது கொடையாகக் கண்ணில் பட்டது. மார்வெலில் கதையின் பெரும்பகுதியை ஓவியரே அமைத்தார், ஆனால் ஊதியம் வரைந்த பக்கத்துக்கு மட்டும், 'எழுதியவர்' என்ற பட்டம் லீக்கு. இன்னோர் ஓவியரான ஸ்டீவ் டிட்கோ தம் பங்கை வலியுறுத்தியதால் 1965இல் 'ஸ்பைடர்-மேன்' இதழில் கதையமைப்புக்கான பெயரும் அவருக்குக் கிடைத்தது, ஆயினும் மறு ஆண்டே விலகினார். கிர்பி 1970இல் போட்டி நிறுவனத்துக்குப் போனார். கிர்பியின் வாரிசுகளுடன் வழக்கு முடிந்து உடன்பாடு ஏற்பட 2014 ஆயிற்று. எந்தப் பாத்திரத்தை யார் முதலில் நினைத்தார் என்பதில் லீயும் கிர்பியும் சொன்னவை கடைசி வரை ஒத்துப்போகவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொன்னார் என்று தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை. கட்டம் பிரிப்பதும் எழுத்தே என்பதை முதல் நாளிலேயே யாராவது தாளில் எழுதிவைத்திருந்தால் இரண்டு பெருங்கலைஞர்கள் முதுமையில் இவ்வளவு கசந்திருக்க வேண்டியதில்லை.

6. மூரும் கிப்பன்ஸும்

எதிர் முனையில் ஆலன் மூர். மூரும் டேவ் கிப்பன்ஸும் பிரிட்டனின் '2000 ஏ.டி.' வார இதழில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். மூர் அமெரிக்காவின் டி.சி. நிறுவனத்துக்குப் புதிய கதை ஒன்றைத் திட்டமிடுகிறார் என்று கேள்விப்பட்டு அதைத் தாம் வரைய விரும்புவதாகக் கிப்பன்ஸே முன்வந்தார். 1986–87இல் 12 இதழ்களாக வந்த 'வாட்ச்மென்' அது.

முதல் இதழுக்கான கதைப்பிரதி 101 பக்கத் தட்டச்சு என்று கிப்பன்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். வரைந்து முடித்த கதையோ முப்பது பக்கத்துக்கும் குறைவு. ஒவ்வொரு கட்டத்திலும் மேசைமேல் என்ன கிடக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதெல்லாம் பிரதியில் இருக்கும். ஓவியருக்கு மூச்சுவிட இடமில்லை என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் பக்கத்தை மூன்றுக்கு மூன்று என ஒன்பது சம கட்டங்களாகப் பிரிக்கும் அடிப்படைச் சட்டகம் கிப்பன்ஸின் யோசனை. கதை நெடுகிலும் திரும்பத் திரும்ப வரும் சிரிக்கும் முக வில்லையும் அவர் தந்ததே. சட்டகத்தை ஓவியர் அமைத்தார், அதற்குள் ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்தாளர் நிரப்பினார். கதையின் கடிகாரத் துல்லியத்துக்கு இந்தப் பங்கீட்டையே காரணமாகச் சொல்வேன். மூரும் கோசினியைப் போலவே முன்பு சித்திரக்கதை வரைந்தவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

7. உரிமை

பணத்தையும் உரிமையையும் பேசாமல் கலையை மட்டும் பேசும் தொடக்கங்கள் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 1938 மார்ச் மாத ஒப்பந்தமே போதும். சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்தார்கள், பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கம். 1947இல் வழக்குத் தொடுத்தார்கள், வேலையையும் பெயரையும் இழந்தார்கள். 1975இல் பொதுமக்கள் மத்தியில் எழுந்த ஆதரவுக்குப் பிறகே ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், 'படைத்தவர்கள்' என்ற வரியும் திரும்பக் கிடைத்தன.

வாட்ச்மென் காலத்தில் நிலைமை மேம்பட்டிருந்தது. நூல் ஓராண்டு அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூர், கிப்பன்ஸ் இருவருக்கும் திரும்பும் என்று ஒப்பந்தம் சொன்னது. சித்திரக்கதைத் தொகுப்புகள் நெடுநாள் அச்சில் இருப்பது அன்று அரிது, ஆகவே அது நல்ல ஒப்பந்தமாகவே தெரிந்தது. நூல் அச்சிலிருந்து போகவே இல்லை. மூர் டி.சி.யோடு உறவை முறித்துக்கொண்டார். கிப்பன்ஸ் அந்த அளவு கசக்கவில்லை. ஒரே காகிதத்தில் ஒன்றாகக் கையெழுத்திட்ட நண்பர்களை அதே காகிதம் தனித்தனிப் பக்கம் நிறுத்தியது. பதிப்பகத்தோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு முன்பே, எழுத்தாளரும் ஓவியரும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவைக் காட்டும் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

8. மூன்றாமவர் சேர்த்துவைக்கும் இணைகள்

எல்லா இணைகளும் தாமாகச் சேர்வதில்லை. தமிழில் கேப்டன் டைகராக வலம்வரும் புளூபெரி இப்படி வந்தவன். அமெரிக்க மேற்குக் கதை ஒன்றை வரையும்படி, முன் சொன்ன எழுத்தாளர் ஷார்லியே முதுபெரும் ஓவியர் ஜிஜேயைக் கேட்டார். தமக்கு நேரமில்லாத ஜிஜே தம் மாணவர் ஜான் ஜிரோவைக் கைகாட்டினார். 1963 அக்டோபரில் 'பிலோத்' இதழில் தொடர் தொடங்கியது. தொடக்க ஆல்பங்களில் ஜிரோ ஊரில் இல்லாதபோது சில பக்கங்களை ஜிஜேயே வரைந்துகொடுத்தார். குருவின் நிழலில் தொடங்கிய அந்த இளைஞர், ஷார்லியே 1989இல் மறைந்தபோது பாதியில் நின்ற ஆல்பத்தைத் தாமே முடித்துக்கொடுக்கும் அளவு கதையையும் தம்முடையதாக்கியிருந்தார்.

ஜப்பானில் இந்த மூன்றாமவர் இதழின் பதிப்பாசிரியர். 2003 முதல் 2006 வரை வந்த 'டெத் நோட்' தொடரில் எழுத்தாளர் த்சுகுமி ஓபாவும் ஓவியர் தகேஷி ஒபாதாவும் பெரும்பாலும் நேரில் பேசாமல் பதிப்பாசிரியர் வழியாகவே வேலை செய்தார்கள். ஓபா தருவது வசனப் பிரதி மட்டுமல்ல, கட்டம் பிரித்த குறுவரைவு. குச்சி மனிதர்கள் நிற்கும் அந்தத் தாள்களே இருவருக்கும் இடையிலான உரையாடல். சந்திப்பும் தொடக்கமும் வேறு வேறு என்று முதலில் சொன்னதற்கு இதைவிடத் தூய சான்று கிடைக்காது.

ஆஸ்டெரிக்ஸுக்கும் இறுதியில் இந்த வழியே வாய்த்தது. கோசினிக்குப் பின் தனியாக எழுதி வரைந்துவந்த உடெர்சோ ஓய்வு பெற்றபோது, ஜான்-ஈவ் ஃபெர்ரி எழுத்தாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், உடெர்சோவின் நெடுநாள் உதவியாளர் ஒருவர் ஓவியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கதை தயாரான பின் அந்த ஓவியர் விலகிக்கொள்ள, திதியே கொன்ராது வந்தார். தாம் கலந்துபேசாத கதையை, தாம் உருவாக்காத மாந்தரை வைத்து அவர் வரைந்த ஆல்பம் 2013இல் வெளியானது. ஃபெர்ரியும் தனியே வரையத் தெரிந்தவர் என்பதால் கட்டம் பிரிப்பதில் ஒரு பொது மொழி இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. இருவரும் 2021 வரை ஐந்து ஆல்பங்கள் செய்தார்கள். 2023இல் ஃபப்கரோ எழுதினார், கொன்ராது வரைந்தார். ஒரு காலத்தில் எழுத்தாளரின் வேலைநீக்கத்துக்காக ஓவியர் கூடவே வெளியேறிய பரம்பரையில், இம்முறை எழுத்தாளர் மாறினார், ஓவியர் தொடர்ந்தார். அந்தப் புதிய எழுத்தாளரும் வரையத் தெரிந்தவர்தான்.